சம்பளம் வர்ற போனை ரூட் பண்ணலாமா? பிரைவசி போன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



உங்க சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜ் எங்க வருது? போன்ல. வாடகை அனுப்புறது, எஸ்ஐபி கட்டுறது, கிரெடிட் கார்டு பில், பிஎஃப் பேலன்ஸ், டிஜிலாக்கர், ஆபீஸ் மெயிலுக்கு லாகின் கோடு தர்ற ஆப், எல்லாமே அதே போன்லதான். அப்பா காலத்துல பீரோவுக்குள்ள பாஸ்புக், செக் புக், பத்திரம்னு தனித்தனியா இருந்ததெல்லாம் இப்போ ஒரே கண்ணாடித் துண்டுக்குள்ள வந்துடுச்சு.

அதனால ரெண்டு கேள்வி இயல்பா வருது. ஒண்ணு, என் தகவலை யாரும் உறிஞ்சாத மாதிரி ஒரு போன் வாங்கணும்னா எதை வாங்குறது, எவ்வளவு செலவு பண்றது? ரெண்டு, அந்தப் போனை ரூட் பண்ணினா இன்னும் பாதுகாப்பா இருக்குமா?

அவசரத்துல இருக்கறவங்களுக்குப் பதிலை முதல்லயே சொல்லிடறேன். நீண்ட வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வர்ற போனை வாங்குங்க. சம்பள அக்கவுண்ட், யூபிஐ இருக்கிற போனை ரூட் பண்ணாதீங்க. ரூட் பண்ணிப் பார்க்கணும்னு ஆசை இருந்தா, பணம் எதுவும் இல்லாத பழைய போன்ல பண்ணுங்க. ஏன் இப்படிச் சொல்றேன்னு இனி பார்ப்போம்.

முதல் கேள்வி: யாருகிட்ட இருந்து பிரைவசி?

"எனக்கு பிரைவசி வேணும்"னு சொல்றது "எனக்கு இன்சூரன்ஸ் வேணும்"னு சொல்ற மாதிரிதான். எதுக்கு இன்சூரன்ஸ்னு தெரியாம பாலிசி எடுக்க முடியாது இல்லையா? அதே மாதிரி, உங்க தகவல் யார் கைக்குப் போகக் கூடாதுன்னு முதல்ல எழுதிப் பாருங்க. நம்மள மாதிரி மாசச் சம்பளக்காரங்களுக்குப் பெரும்பாலும் அஞ்சு பேர்தான்.

ஒண்ணு, விளம்பரக் கம்பெனிகள். நீங்க எந்த ஆப் திறக்கிறீங்க, எங்க போறீங்க, என்ன வாங்குறீங்கன்னு சேர்த்து வெச்சு, அதுக்கேத்த விளம்பரம் காட்டுறவங்க.

ரெண்டு, கடன் ஆப்கள். காண்டாக்ட் லிஸ்ட்டையும் போட்டோவையும் எடுத்துக்கிட்டு, தவணை தவறினா சொந்தக்காரங்களுக்கும் மேனேஜருக்கும் போன் போட்டு மானத்தை வாங்குறவங்க. ஆர்பிஐ 2022 செப்டம்பர்ல வெளியிட்ட டிஜிட்டல் கடன் விதிமுறைகளிலேயே, கடன் ஆப்கள் போனில் உள்ள பைல்கள், காண்டாக்ட், கால் லாக் போன்றவற்றைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. 2023 மே 31 முதல் கூகுள் பிளே ஸ்டோரும் தனிநபர் கடன் ஆப்கள் காண்டாக்ட், போட்டோ பர்மிஷன் கேட்கறதைத் தடை பண்ணிடுச்சு. ஆனா ஸ்டோருக்கு வெளிய லிங்க் வழியா வர்ற ஆப்களுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் காகிதத்துல மட்டும்தான்.

மூணு, மோசடிக்காரங்க. வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு, டிராஃபிக் ஃபைன் சலான்னு ஒரு ஏபிகே ஃபைல் வரும். இன்ஸ்டால் பண்ணினா உங்க எஸ்எம்எஸ் எல்லாம் அவங்களுக்குப் போகும், ஓடிபி உட்பட.

நாலு, போனைத் திருடுறவங்க. பஸ்ல, ரயில்ல, டீக்கடையில.

அஞ்சு, நீங்க வேலை பார்க்கிற கம்பெனி. ஆபீஸ் மெயிலைச் சொந்தப் போன்ல போடும்போது அவங்களுக்கு எது தெரியும், எது தெரியாதுங்கற கவலை.

இந்த அஞ்சுல யாரால உடனே உங்க பணம் போகும்? ரெண்டாவது, மூணாவது, நாலாவது ஆட்களால. முதல் ஆளால எரிச்சல்தான் அதிகம். இதை மனசுல வெச்சுக்கிட்டு ரூட் விஷயத்துக்குப் போவோம். ரூட் பண்ணினா பெரிய அளவுல லாபம் கிடைக்கிறது முதல் ஆள் விஷயத்துல மட்டும்தான். மூணாவது, நாலாவது ஆள் விஷயத்துல ரூட் உங்களைப் பலவீனமாக்கும்.

ரூட்னா உண்மையில என்ன?

ஒரு அபார்ட்மென்ட்டை நினைச்சுக்கோங்க. ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு ஆப்பும் ஒரு தனி வீடு. பக்கத்து வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்க முடியாது. போட்டோ ஆப்பால பேங்க் ஆப்போட டேட்டாவைப் படிக்க முடியாது. காசு கொடுத்து வாங்கினது நீங்கதான்னாலும் உங்ககிட்டயும் மாஸ்டர் சாவி இல்ல. அது சிஸ்டத்துகிட்ட மட்டும்தான் இருக்கும்.

கேட்ல ஒரு வாட்ச்மேன் இருக்கார். போன் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும், உள்ள இருக்கிற சிஸ்டம் கம்பெனி கையெழுத்துப் போட்டு அனுப்பின அதே சிஸ்டம்தானா, நடுவுல யாராவது மாத்தியிருக்காங்களான்னு சரிபார்ப்பார். இதுக்கு வெரிஃபைடு பூட்னு பேர். அந்த கேட்டோட பூட்டுதான் பூட்லோடர் லாக்.

ரூட் பண்றவங்க ரெண்டு வேலை செய்றாங்க. முதல்ல பூட்லோடரைத் திறக்கிறாங்க. அப்போ போன்ல இருக்கிற டேட்டா முழுக்க அழிஞ்சிடும். அது பாதுகாப்புக்காகவே வெச்ச ஏற்பாடு. அப்புறம் மேஜிஸ்க் மாதிரி ஒரு டூலை வெச்சு பூட் இமேஜை மாத்தி, மாஸ்டர் சாவியைக் கையில எடுத்துக்கிறாங்க.

இனிமே எந்த வீட்டுக்குள்ளயும் நீங்க போகலாம். விளம்பரத்தைச் சிஸ்டம் லெவல்லயே தடுக்கலாம். கம்பெனி திணிச்ச ஆப்பைத் தூக்கி எறியலாம். ஒவ்வொரு ஆப்போட டேட்டாவையும் முழுசா பேக்கப் எடுக்கலாம். சந்தோஷம்தான். ஆனா வாட்ச்மேன் வேலையை விட்டுப் போயிட்டார். மாஸ்டர் சாவி ஒண்ணு உருவாகிடுச்சு. மேஜிஸ்க் ஒவ்வொரு ஆப்புக்கும் அனுமதி தரலாமான்னு உங்களைக் கேட்கத்தான் செய்யும். ஆனா டெலிகிராம் குரூப்ல யாரோ போட்ட மாட்யூலை நீங்களே "சரி"ன்னு அழுத்தி உள்ள விட்டா, அதுக்கு எல்லா வீடும் திறந்த வீடுதான். போனை ரிப்பேர் கடையில ரெண்டு நாள் விட்டுட்டு வாங்கினா, உள்ள ஏதாவது மாத்தியிருக்காங்களான்னு கண்டுபிடிச்சுச் சொல்லவும் ஆள் இல்ல.

பணம்னு வரும்போது என்ன ஆகும்?

இங்கதான் நம்ம மாதிரி ஆட்களுக்கு உண்மையான செலவு ஆரம்பிக்குது. இந்தச் செலவு எந்த ரூட் டுடோரியல்லயும் விலைப்பட்டியலா வராது.

முதல் செலவு, பேங்க் ஆப் வேலை செய்யாம போறது. பல பேங்க் ஆப், யூபிஐ ஆப் எல்லாம் திறக்கும்போதே போன் ரூட் ஆகியிருக்கான்னு பார்க்கும். கூகுளோட பிளே இன்டெக்ரிட்டிங்கற சேவை, "இது கையெழுத்து மாறாத, சான்றிதழ் பெற்ற போன்தானா?"ங்கற கேள்விக்கு ஆப்களுக்குப் பதில் கொடுக்குது. பூட்லோடர் திறந்திருந்தா பதில் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமா இருக்காது. இது பேங்க்காரங்க வீம்புக்குப் பண்றதும் இல்ல. ஆர்பிஐ 2021 பிப்ரவரியில வெளியிட்ட டிஜிட்டல் பேமென்ட் பாதுகாப்பு விதிகளிலேயே, ரூட் செய்த போனைக் கண்டுபிடிச்சு அதுல ஆப் இயங்காம தடுக்க வழியிருக்கான்னு ஆராயச் சொல்லியிருக்கு.

"அதை மறைக்க மாட்யூல் இருக்கே"ன்னு சொல்வாங்க. இருக்கு. இன்னைக்கு வேலை செய்யும். அடுத்த மாசம் கூகுள் ஒரு மாற்றம் கொண்டு வரும், உடைஞ்சிடும். வேற ஆள் வேற மாட்யூல் போடுவார், மறுபடி வேலை செய்யும். பல வருஷமா நடக்கிற எலி பூனை ஆட்டம் இது. பொழுதுபோக்கா பார்த்தா சுவாரஸ்யம்தான். ஆனா வாடகை கட்ட வேண்டிய 5-ம் தேதி காலையில யூபிஐ திறக்கலைன்னா? ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரி கவுண்டர்ல நிக்கும்போது திறக்கலைன்னா? அந்த ஆட்டத்துல பந்தயமா வெச்சிருக்கிறது உங்க எமர்ஜென்சி ஃபண்டைத் தொடற வசதியை.

இன்னொண்ணையும் யோசிங்க. பேங்க் ஆப்பை ஏமாத்தறதுக்காகப் போடற மாட்யூலுக்கு நீங்க கொடுக்கிறது போன்லயே உயர்ந்த அதிகாரம். அதை எழுதினது யாருன்னு பல சமயம் ஒரு புனைபெயரைத் தாண்டி உங்களுக்குத் தெரியாது. கூகுளை நம்ப மாட்டேன்னு ஆரம்பிச்சு, முகம் தெரியாத ஒருத்தரை முழுசா நம்புற இடத்துல போய் நிக்கறோம்.

ரெண்டாவது செலவு, பணம் போனா திரும்ப வாங்கறது. நம்ம அனுமதி இல்லாம நடக்கிற மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கு யார் பொறுப்புன்னு ஆர்பிஐ 2017 ஜூலை 6-ல ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. அதோட அடிப்படை இதுதான். தப்பு பேங்க் பக்கமும் இல்லாம உங்க பக்கமும் இல்லாம வேற எங்கயோ இருந்து, நீங்க 3 வேலை நாளுக்குள்ள புகார் பண்ணினா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள்னா ஒரு வரம்பு வரை நஷ்டம் உங்களுக்கு. ஆனா உங்க அலட்சியத்தால நடந்திருந்தா, நீங்க புகார் சொல்ற வரைக்குமான மொத்த நஷ்டமும் உங்க தலையில. உங்க பேங்க்கோட இப்போதைய பாலிசியை அவங்க வெப்சைட்ல ஒரு தடவை படிச்சிடுங்க.

அந்தச் சுற்றறிக்கையில ரூட்ங்கற வார்த்தையே கிடையாது. பொறுப்பு வாடிக்கையாளருடையதுன்னு நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான். ஆனா ரூட் பண்ணின போன்ல பயன்படுத்தக் கூடாதுன்னு ஆப் விதிமுறையில எழுதி, அதுல நீங்க "ஒப்புக்கொள்கிறேன்" அழுத்தியிருந்தா, அலட்சியம்னு வாதாட பேங்க் கையில நீங்களே ஒரு காகிதம் கொடுத்த மாதிரி ஆயிடும். நஷ்டம் 40,000 ரூபாய்னா, அந்த வாதத்தோட விலை 40,000.

மூணாவது செலவு, வேலை. மைக்ரோசாஃப்ட் இன்டியூன் மாதிரி சாஃப்ட்வேர் வெச்சிருக்கிற கம்பெனிகள்ல, ரூட் ஆன போன்ல ஆபீஸ் மெயிலும் டீம்ஸும் திறக்காதபடி ஐடி டீம் செட் பண்ணி வைக்க முடியும். கம்பெனி உங்களைப் பார்க்குமோங்கற பயத்துக்குச் சரியான மருந்து ஒர்க் ப்ரொஃபைல். அது இருந்தா ஆபீஸ் ஆப்கள் தனி அறையில இருக்கும். உங்க சொந்த போட்டோ, மெசேஜ் பக்கம் அவங்களால வர முடியாது. அதுக்கு ரூட் தேவையே இல்ல.

நாலாவது செலவு, போனோட மதிப்பு. சாம்சங் போன்கள்ல நாக்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு. அங்கீகாரம் இல்லாத சிஸ்டத்தை ஒரு தடவை ஏத்திட்டீங்கன்னா உள்ள ஒரு ஃப்யூஸ் போயிடும். பழையபடி ஒரிஜினல் சாஃப்ட்வேர் போட்டாலும் அது திரும்பாது. செக்யூர் ஃபோல்டர், சாம்சங் வாலட் மாதிரி வசதிகள் அந்தப் போன்ல நிரந்தரமா போயிடும். வாரன்டிக்கும் சிக்கல், விக்கப் போனா விலைக்கும் சிக்கல்.

ரூட் கேட்கிறவங்க பக்கமும் நியாயம் இருக்கு

15,000 ரூபாய் கொடுத்து வாங்கின போன்ல, நம்ம கேக்காத 20 ஆப் உட்கார்ந்துக்கிட்டு லாக் ஸ்கிரீன்லயே விளம்பரம் காட்டினா யாருக்குத்தான் கோபம் வராது? "என் போன், என் இஷ்டம்"ங்கறது நியாயமான பேச்சுதான். ஆனா அந்தக் கோபத்துக்குக் காரணமான விஷயங்கள்ல பெரும்பாலானவை இப்போ ரூட் இல்லாமலே சரி பண்ணக் கூடியவை.

விளம்பரத்துக்கு: ஆண்ட்ராய்டு 9-ல இருந்தே பிரைவேட் டிஎன்எஸ்னு ஒரு செட்டிங் இருக்கு. ஆட்கார்டு மாதிரி விளம்பரம் தடுக்கிற டிஎன்எஸ் முகவரியை அதுல போட்டா, போன் முழுக்க நிறைய விளம்பரமும் டிராக்கரும் நின்னுடும். ரீதிங்க் மாதிரி ஃபயர்வால் ஆப் போட்டா, எந்த ஆப் நெட்டைத் தொடலாம், எது தொடக் கூடாதுன்னு தனித்தனியா முடிவு பண்ணலாம். கூகுள் செட்டிங்ஸ்ல அட்வர்டைசிங் ஐடியை டிலீட் பண்ணவும் முடியும்.

தேவையில்லாத ஆப்புக்கு: டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பி டிபக்கிங் ஆன் பண்ணி, கம்ப்யூட்டர்ல ஏடிபி வழியா அந்த ஆப்பை உங்க யூசர் கணக்குல இருந்து நீக்கலாம். சிஸ்டத்துல ஒரு ஓரமா கிடக்கும், ஆனா ஓடாது. வேலை முடிஞ்சதும் டிபக்கிங்கை மறக்காம ஆஃப் பண்ணிடுங்க. எதை நீக்கினா என்ன நிக்கும்னு தெரியாம கண்டதையும் நீக்காதீங்க.

பர்மிஷனுக்கு: ஆண்ட்ராய்டு 11-ல "இந்த ஒரு தடவை மட்டும்"ங்கற அனுமதி வந்துச்சு. ஆண்ட்ராய்டு 12-ல யார் எப்போ மைக், கேமரா, லொகேஷனைத் தொட்டாங்கன்னு காட்டுற பிரைவசி டாஷ்போர்டு வந்துச்சு. ஆண்ட்ராய்டு 15-ல பிரைவேட் ஸ்பேஸ்னு, பூட்டி மறைச்சு வைக்கிற தனி இடமே வந்துடுச்சு. பத்து வருஷம் முன்னாடி ரூட் பண்ணித்தான் கிடைச்ச பல வசதிகள் இப்போ செட்டிங்ஸ்லயே இருக்கு.

கஸ்டம் ஓஎஸ் வேற, ரூட் வேற

இந்த ரெண்டையும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. பிரைவசிக்காகவே உருவான சிஸ்டங்கள்ல அதிகம் பேசப்படுறது கிராஃபீன் ஓஎஸ். இது முதன்மையா கூகுள் பிக்சல் போன்களுக்காக வளர்ந்தது. கூகுள்கிட்ட இருந்து தப்பிக்க கூகுள் போனே வாங்கணுமான்னு சிரிப்பு வரலாம். காரணம் இருக்கு. பிக்சல்ல வேற சிஸ்டத்தைப் போட்ட பிறகும், அந்தச் சிஸ்டத்தோட கையெழுத்தை ஏத்துக்கிட்டு பூட்லோடரை மறுபடி பூட்ட முடியும். அதாவது வாட்ச்மேன் திரும்ப வேலைக்கு வந்துடுவார்.

அதுல கூகுள் பிளே சேவைகளும் தனிச் சலுகை இல்லாம, மத்த ஆப் மாதிரியே ஒரு தனி வீட்டுக்குள்ள ஓடும். ஒரு ஆப் காண்டாக்ட் கேட்டா, நீங்க தேர்ந்தெடுத்த நாலு பேரை மட்டும் காட்டலாம். ஒரு ஆப்புக்கு நெட் அனுமதியே தராம விடலாம். இவ்வளவு பண்ற கிராஃபீன் ஓஎஸ் டெவலப்பர்களே ரூட் பண்ண வேண்டாம்னுதான் சொல்றாங்க. பிரைவசியை வேலையா எடுத்துச் செய்றவங்க மாஸ்டர் சாவி வேண்டாம்னு சொல்றதை நாம கவனிக்கணும்.

குறையும் இருக்கு. கூகுளோட சான்றிதழ் இல்லாததால, பிளே இன்டெக்ரிட்டியைக் கறாரா பார்க்கிற ஆப்கள் அதுல ஓடாது. கூகுள் வாலட்டோட டேப் பண்ணிப் பணம் கட்டுற வசதி வேலை செய்யாது. பேங்க் ஆப்கள்ல சிலது ஓடும், சிலது ஓடாது, அப்டேட்டுக்கு அப்டேட் மாறும். அதனால, உங்க சம்பளப் பேங்க் ஆப், யூபிஐ ஆப், ஆபீஸ் ஆப் மூணும் ஓடுதான்னு ஒரு வாரம் சோதிச்சுப் பார்க்காம பழைய போனைக் கொடுத்துடாதீங்க. ஓடலைன்னா கூகுளோட ஒரிஜினல் சிஸ்டத்தைத் திரும்பப் போட்டுக்கலாம்.

சரி, எந்தப் போன்? விலையைப் பார்க்காதீங்க, வருஷக் கணக்கைப் பாருங்க

செக்யூரிட்டி அப்டேட் நின்னுபோன போன், பூட்டு பழுதான வீடு மாதிரி. ஓட்டை எங்க இருக்குன்னு திருடனுக்குத் தெரியும், சரி பண்ண ஆள் வர மாட்டார். அதனால பிரைவசி போனுக்கு முதல் தகுதி அப்டேட் எத்தனை வருஷம் வரும்ங்கறதுதான். கேமரா மெகாபிக்சல் எல்லாம் அப்புறம்.

கணக்கு ரொம்ப சிம்பிள். விலையை, மீதி இருக்கிற அப்டேட் வருஷத்தால வகுங்க.

ரெண்டு வருஷம் மட்டும் அப்டேட் வர்ற ஒரு 12,000 ரூபாய் போன்: வருஷத்துக்கு 6,000 ரூபாய்.

சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி, 2024 அக்டோபர்ல இந்தியாவுக்கு வந்தப்போ ஆரம்ப விலை 18,999. ஆறு வருஷ செக்யூரிட்டி அப்டேட்னு சொன்னாங்க. வருஷத்துக்குச் சுமார் 3,170 ரூபாய்.

கூகுள் பிக்சல் 9ஏ, 2025-ல வந்தப்போ 49,999. ஏழு வருஷ அப்டேட். வருஷத்துக்குச் சுமார் 7,140 ரூபாய்.

12,000 ரூபாய் போன் மலிவுன்னு நினைச்சோம். பாதுகாப்பான வருஷத்துக்குன்னு பார்த்தா 18,999 போனைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு செலவு! இதுதான் இந்தக் கணக்கோட பலன்.

ரெண்டு விஷயம் கவனம். அப்டேட் வருஷம் போன் அறிமுகமான நாள்ல இருந்து எண்ணப்படும், நீங்க வாங்கின நாள்ல இருந்து இல்ல. ரெண்டு வருஷம் பழைய மாடலைத் தள்ளுபடியில வாங்கினா, ஏழுல அஞ்சுதான் மீதி. அதே மாதிரி, விலை குறைஞ்ச மாடல்களுக்கு அப்டேட் மாசாமாசம் வராம சில மாசத்துக்கு ஒரு தடவை வரலாம்.

ஐபோன்? 2025 பிப்ரவரியில வந்த ஐபோன் 16இ ஆரம்ப விலை 59,900. ஆப்பிள் நீண்ட காலம் அப்டேட் கொடுக்கிற கம்பெனி. 2018-ல வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-ல வந்த ஐஓஎஸ் 18 வரைக்கும் கிடைச்சது. பெருசா எதையும் நோண்ட விரும்பாதவங்களுக்கு நல்ல தேர்வு. மாஸ்டர் சாவி பத்தின பேச்சுக்கே அங்க பெரிசா இடமில்ல.

என்னோட வரம்பு ஒண்ணு சொல்றேன். போன் விலை உங்க ஒரு மாச கைச்சம்பளத்தைத் தாண்டக் கூடாது. 32,000 கையில வாங்குறவர் 50,000 ரூபாய் பிக்சலை இஎம்ஐயில எடுத்தா, பிரைவசிக்காகக் கடன்காரர் ஆகறார். நோ காஸ்ட் இஎம்ஐ-யிலும் பிராசஸிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டின்னு செலவு வரலாம். அதோட, கடன்ல வாங்குற சில போன்கள்ல, தவணை தவறினா போனை முடக்கற லாக் ஆப்பை பைனான்ஸ் கம்பெனி போட்டே கொடுக்கும். பிரைவசி போன் வாங்கி அதுக்குள்ள கடன் கொடுத்தவரோட பூட்டா?

செகண்ட் ஹேண்டு நல்ல வழிதான். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன்னாடி மூணு சோதனை பண்ணுங்க. *#06# அடிச்சு ஐஎம்இஐ எண்ணை எடுங்க. கேஒய்எம்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி, ஒரு இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா, அது தடை செய்யப்பட்ட போனான்னு தெரியும். ஆன் பண்ணும்போது பூட்லோடர் திறந்திருக்குன்னு எச்சரிக்கை வருதான்னு பாருங்க. வந்தா, யாரோ ஏற்கனவே கை வெச்ச போன். கிராஃபீன் ஓஎஸ் போடற திட்டம் இருந்தா, டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல ஓஇஎம் அன்லாக்கிங் பட்டன் வேலை செய்யுதான்னும் பாருங்க. வெளிநாட்டு நெட்வொர்க் கம்பெனி வழியா வந்த சில பிக்சல்கள்ல அந்தப் பட்டன் மங்கலா, அழுத்த முடியாம இருக்கும். அதுல வேற சிஸ்டம் போட முடியாது.

யார் என்ன பண்ணலாம்?

இப்போ இருக்கிற போனுக்கு இன்னும் அப்டேட் வருதா? புதுசு வாங்காதீங்க. கீழ இருக்கிற அரை மணி நேர வேலையைச் செஞ்சா போதும். செலவு பூஜ்யம்.

அப்டேட் நின்னுடுச்சா? பட்ஜெட்டுக்குள்ள அதிக வருஷம் அப்டேட் மீதி இருக்கிற போனை வாங்குங்க. ரூட் வேண்டாம்.

டெக் ஆர்வம் உண்டு, சோதிச்சுப் பார்க்க நேரமும் இருக்கா? பிக்சல் வாங்கி கிராஃபீன் ஓஎஸ் போட்டு, பூட்லோடரைத் திரும்பப் பூட்டுங்க. ரூட் வேண்டாம்.

ரூட் பண்ணியே ஆகணுமா? டிராயர்ல தூங்குற பழைய போனை எடுங்க. பேங்க் சிம் கார்டு, பேங்க்ல கொடுத்த மெயில் ஐடி, யூபிஐ எதுவும் அதுல இருக்கக் கூடாது. அதுல லினேஜ் ஓஎஸ் போடுங்க, ரூட் பண்ணுங்க, உடைங்க, கத்துக்கோங்க. ஒரு தப்பு நடந்தா போறது பழைய போன் மட்டும்தான்.

இன்னைக்கே செய்ய அரை மணி நேர வேலை

1. பர்மிஷன் மேனேஜர்ல எஸ்எம்எஸ் பகுதியைத் திறங்க. மெசேஜ் ஆப், பேங்க், யூபிஐ ஆப் தவிர வேற யாருக்கு அனுமதி இருந்தாலும் நிறுத்துங்க.

2. அக்ஸசிபிலிட்டி செட்டிங்ஸைப் பாருங்க. நீங்க தெரிஞ்சு ஆன் பண்ணாத ஆப் எதுவும் அங்க ஆன்ல இருக்கக் கூடாது. திரையைப் படிக்கிறதும் உங்க சார்பா பட்டன் அழுத்துறதும் அந்த வழியாத்தான் நடக்கும்.

3. வாட்ஸ்அப், பிரவுசர், ஃபைல் மேனேஜருக்கு "தெரியாத ஆப்களை இன்ஸ்டால் செய்" அனுமதியை ஆஃப் பண்ணுங்க. பத்திரிகை ஏபிகே அங்கேயே நின்னுடும்.

4. சிம் கார்டுக்கு பின் நம்பர் போடுங்க. போன் பூட்டியிருந்தாலும், திருடன் சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி அங்க போகும். சிம் பின் அதைத் தடுக்கும். மூணு தடவை தப்பா போட்டா சிம் பூட்டிக்கும், திறக்க பியூகே நம்பர் வேணும். அதனால பின்னை எழுதி வீட்ல வையுங்க.

5. யூபிஐ-க்கு சம்பள அக்கவுண்ட்டை நேரா இணைக்காம, மாசச் செலவுப் பணம் மட்டும் இருக்கிற ரெண்டாவது அக்கவுண்ட்டை இணையுங்க. பேங்க் ஆப்ல தினசரி வரம்பையும் குறைச்சு வையுங்க.

6. 1930 எண்ணை மனப்பாடம் பண்ணுங்க. பணம் போயிடுச்சுன்னா அடுத்த நிமிஷம் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் இது. கூடவே பேங்க்குக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வெச்சுக்கோங்க. வீட்ல அப்பா அம்மா போன்லயும் இந்த ஆறு வேலையையும் செஞ்சு கொடுத்துடுங்க.

பர்மிஷன் மேனேஜரும் சிம் பின்னும் எந்தெந்த போன்ல எங்க இருக்குன்னு நம்ம சேனல் வீடியோவுல திரையோட காட்டுறோம். அதைப் பார்த்துட்டு, முதல்ல நாலாவது வேலையைச் செய்யுங்க. நம்மில் நிறைய பேர் சிம் பின் போட்டதே இல்ல.